மறைஞ்சு போன மூணாவது கட்டம் – நான் சிஎஸ்எஸ் கத்துக்கிட்ட கதை



இந்த மாத சுவர் இதழுக்கு "எனக்குப் பயன்பட்ட இணையதளம்" என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி தமிழம்மா கேட்டாங்க. "ஒரு பக்கம் பத்தாதும்மா, ரெண்டு சார்ட் வேணும்"னு கேட்டு வாங்கினேன். ஏன்னா நான் சொல்லப் போறது வெப்சைட்டைப் பத்தி மட்டும் இல்ல, நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தியும்தான். "ஆழம் தெரியாமல் காலை விடாதே"ன்னு பெரியவங்க சொல்வாங்க. நம்ம ஏரியில மட்டும் இல்ல, கம்ப்யூட்டர்லயும் ஆழம் உண்டுன்னு எனக்குப் போன வருஷம்தான் தெரிஞ்சது.

சிஎஸ்எஸ்னா என்ன?

கணினிப் பாடம் எடுக்காதவங்களும் இதைப் படிப்பீங்க. அதனால இந்தச் சார்ட்டையே உதாரணமா வெச்சுச் சொல்றேன். நீங்க இப்போ படிக்கிற இந்த வார்த்தைகள் இருக்கே, அது எச்டிஎம்எல் மாதிரி. எது தலைப்பு, எது பாரா, எது பட்டியல்னு சொல்றதோட அதன் வேலை முடிஞ்சது. தலைப்பு சிவப்பு ஸ்கெட்ச் பென்னில் இருக்கணும், எழுத்து நீல மையில் இருக்கணும், சுத்தி பச்சை பார்டர் வரணும்னு முடிவு பண்றது சிஎஸ்எஸ். விஷயம் வேற, அலங்காரம் வேற. இரண்டையும் தனித்தனியா வெச்சா, விஷயத்தைத் தொடாமலே அலங்காரத்தை மட்டும் மாத்தலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நம்ம நோட்டுல மார்ஜின்னா சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விடுற இடம். சிஎஸ்எஸ்ல பார்டருக்கு வெளியே விடுற இடம்தான் மார்ஜின். பார்டருக்கு உள்ளே, எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் விடுற இடத்துக்கு பேடிங்னு பேர். இதைத் தலைகீழா நினைச்சுக்கிட்டு நான் ஒரு வாரம் முட்டிக்கிட்டு நின்னேன்!

என் முதல் பக்கம்

எங்க ஊர் ஏற்காடு டவுனில் இருந்து தள்ளி, காபித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கு. பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்ஸுக்கு மணிக்கணக்கா நிக்கணும். பனி இறங்கிட்டா பஸ் வருதா இல்லையான்னுகூடத் தெரியாது, சத்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். போன வருஷம் பஸ் நேரம் மாறினப்போ ஊரில் ஒரே குழப்பம். சரி, நம்மதான் 11-ஆம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் படிக்கிறோமே, பஸ் நேரத்துக்கு ஒரு வெப் பக்கம் பண்ணுவோம்னு கிளம்பினேன்.

எங்க பெரியப்பா பையன் அண்ணன் பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது. பேட்டரி போயிடுச்சு, சார்ஜர் சொருகினாத்தான் ஓடும். அதில் உட்கார்ந்து நாலு நாள் வேலை பார்த்தேன். மூணு கட்டம் உள்ள ஒரு அட்டவணை. முதல் கட்டத்தில் பஸ் போற ஊர், இரண்டாவதில் நேரம், மூணாவதில் குறிப்பு. இள மஞ்சள் பின்னணி, பச்சைத் தலைப்பு, ஓரத்தில் காபிப் பூ படம். ரொம்ப அழகா இருந்துச்சு!

ஒரே ஒரு குறை. அட்டவணையைச் சுத்தி ஒரு பெட்டி போட்டு, அதன் மூலைகளை வளைவா வெச்சிருந்தேன். ஆனா அட்டவணையோட மூலை மட்டும் கூர்மையா வெளியே நீட்டிக்கிட்டு நின்னுச்சு. இன்டர்நெட்ல தேடினேன். யாரோ ஒருத்தர், அந்தப் பெட்டிக்கு "ஓவர்ஃப்ளோ ஹிடன்"னு ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார். சேர்த்தேன். மூலை காணாமப் போச்சு. அது என்ன வரி, எப்படி வேலை செய்யுதுன்னு நான் பார்க்கவே இல்ல. கிட்ஹப் பேஜஸ்ல இலவசமா ஏத்தி, லிங்கை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுட்டேன். "சூப்பர் பாப்பா"ன்னு எத்தனை பாராட்டு!

அந்தச் சனிக்கிழமை

இரண்டு வாரம் கழிச்சு எங்க அக்காவுக்கு சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்க்க வரச் சொல்லியிருந்தாங்க. சனிக்கிழமை காலை, ஒரிஜினல் சர்டிபிகேட்டோட. அக்கா அதுவரைக்கும் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிச்சவ, புது பஸ் நேரம் அவளுக்குத் தெரியாது. நான் அன்னிக்கு அம்மாயி வீட்டில் இருந்தேன். அக்கா தன் போனில் என் பக்கத்தைத் திறந்து, காலை முதல் பஸ் நேரத்தைப் பார்த்துக்கிட்டு, அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஊர் ஸ்டாப்பில் போய் நின்னா.

பஸ் வரல. ஏன்னா சனி, ஞாயிறில் அந்த பஸ் ஊருக்குள்ள வராது. மெயின் ரோட்டோட போயிடும், அங்கே நடந்து போய் நிக்கணும். இதை நான் எழுதாம விடல. மூணாவது கட்டத்தில் தெளிவா எழுதியிருந்தேன். ஆனா அக்கா போனில் மூணாவது கட்டமே இல்லை!

நடந்தது இதுதான். அட்டவணைக்கு நான் 900 பிக்சல் அகலம்னு கட்டாயமா போட்டிருந்தேன். லேப்டாப்பில் அது சரி. அக்கா போனோட திரை 360 பிக்சல் அகலம்தான். பெட்டி போனுக்கு ஏத்த மாதிரி சுருங்கிடுச்சு, உள்ளே இருந்த அட்டவணை சுருங்கல. வழக்கமா இப்படி நீட்டினா விரலால் தள்ளியாவது பார்க்கலாம். ஆனா "ஓவர்ஃப்ளோ ஹிடன்"னா "வெளியே நீட்டுறதை மறைச்சிடு"ன்னு அர்த்தம். மூலையை மறைச்ச அதே வரி, குறிப்பையும் மறைச்சிடுச்சு. குறிப்பை நான் கட்டத்துக்கு நடுவில் வர்ற மாதிரி வேற வெச்சிருந்தேன். அதனால அதன் முதல் எழுத்துகூடத் தெரியல. ஏதோ காலியா மஞ்சள் இடம் விட்டிருக்காங்கன்னுதான் பார்க்கிறவங்க நினைப்பாங்க.

அக்காவும் அம்மாவும் பனியில் ஒன்றரை மணி நேரம் நின்னிருக்காங்க. அப்புறம் ஒரு காய்கறி வண்டியில் ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து பஸ் பிடிச்சு சேலம் போய்ச் சேர மத்தியானம் ஆயிடுச்சு. "நேரம் முடிஞ்சிருச்சு, திங்கட்கிழமை வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. சீட் போகல, அது எங்க நல்ல நேரம். ஆனா காபிப் பழம் பறிக்கிற சீசனில் அம்மாவுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு.

அம்மா ஒண்ணும் சொல்லல. அக்கா திட்டுவான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அவ திட்டல. "உன் பக்கம் பார்க்க அழகாத்தான்டி இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன்

அதுவரைக்கும் நான் செஞ்சது படிப்பு இல்ல, காப்பி. நான் எதை எதைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு இப்போ சொல்றேன்.

முதல்ல தமிழில் ஒரு புத்தகம். து. நித்யா எழுதின "எளிய தமிழில் சிஎஸ்எஸ்". கணியம் அமைப்பு வெளியிட்டது. 2012-ல் கட்டற்ற மென்பொருளுக்காகத் தமிழில் ஆரம்பிச்ச மின்னிதழ்தான் கணியம். இந்தப் புத்தகத்தை யாரும் இலவசமா இறக்கிக்கலாம், நண்பர்களுக்கும் கொடுக்கலாம், அதுக்கு உரிமையே கொடுத்திருக்காங்க. ஒரு தடவை சிக்னல் இருக்கிற இடத்தில் இறக்கிட்டா, சிக்னல் இல்லாத எங்க ஊரிலும் படிக்கலாம். ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்படுறவங்க இதில் இருந்து தொடங்குங்க.

அடுத்தது டபிள்யூ3ஸ்கூல்ஸ். நார்வே நாட்டுக்காரங்க 1998-ல் ஆரம்பிச்சது. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தி, நாமே ஒரு வரியை மாத்தி, என்ன ஆகுதுன்னு உடனே பார்க்கலாம். கை பழக இது நல்ல இடம். பேரைப் பார்த்து, சிஎஸ்எஸ் விதிகளை உருவாக்குற டபிள்யூ3சி அமைப்போட சைட் இதுன்னு நான் நினைச்சிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது!

மூணாவது எம்டிஎன். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்யுற மொசில்லா 2005-ல் தொடங்கினது. இங்கிலீஷ்தான், கொஞ்சம் கஷ்டமாவும் இருக்கும். ஆனா ஒரு வரி ஏன் அப்படி வேலை செய்யுதுன்னு சொல்றது இங்கேதான். "ஓவர்ஃப்ளோ"ன்னு தேடிப் படிச்சேன். அந்த ஒரு பக்கத்தை முதல்லயே பத்து நிமிஷம் படிச்சிருந்தா அம்மா பனியில் நின்னிருக்க மாட்டாங்க. அந்தந்த விதி எந்தெந்த பிரவுசரில் வேலை செய்யும்னு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு அட்டவணை இருக்கும். அதையும் பார்க்கணும்.

விளையாட்டா கத்துக்கணும்னா ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி இருக்கு. தவளையைத் தாமரை இலை மேல உட்கார வைக்கணும், 24 கட்டம். என் தம்பியே அதில் பாதி முடிச்சுட்டான். அப்புறம் சிஎஸ்எஸ் ஜென் கார்டன். டேவ் ஷே என்பவர் 2003-ல் ஆரம்பிச்சது. ஒரே எச்டிஎம்எல்லை வெச்சுக்கிட்டு, சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாத்தி உலகம் முழுக்கப் பலர் பல விதமா செஞ்சு அனுப்பியிருக்காங்க. விஷயம் வேற, அலங்காரம் வேறன்னு முன்னாடி சொன்னேனே, அதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

விதி எதுக்கு?

நம்ம மலைப்பாதையில் சேலத்தில் இருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும். லாரியா இருந்தாலும் பைக்கா இருந்தாலும் விதி ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு விதி வெச்சிருந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

வெப்பில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்துச்சாம். 1990-களில் நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்னு இரண்டு பிரவுசர்கள் போட்டி போட்டுக்கிட்டு ஆளுக்கு ஒரு வழியில் போச்சு. ஒன்றில் நல்லா தெரியுற பக்கம் இன்னொன்றில் கலைஞ்சு கிடக்கும். எல்லாரும் ஒரே விதியை மதிக்கணும்னு சொல்லி 1998-ல் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு குழு கிளம்பிப் போராடுச்சு. 2013-ல் தங்கள் வேலை முடிஞ்சதுன்னு சொல்லி அவங்களே மூடிட்டாங்க.

தமிழுக்கு இன்னும் பெரிய கஷ்டம் இருந்துச்சுன்னு எங்க கணினி ஆசிரியர் சொன்னார். அப்போ ஒவ்வொரு தமிழ் வெப்சைட்டுக்கும் ஒரு தனி ஃபாண்ட். அந்த ஃபாண்டை இறக்கிப் போடலைன்னா தமிழுக்குப் பதிலா ஏதோ புரியாத குறிகள்தான் வரும். இதைச் சரி பண்ண 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. நம்ம லேப்பில் இருக்கிற தமிழ்99 விசைப்பலகை அதில் இருந்து வந்ததுதான். அப்புறம் யூனிகோட் பரவுச்சு. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏத்துக்கிச்சு. இன்னிக்கு என் பஸ் பக்கம் எந்தப் போனிலும் தமிழிலேயே திறக்குதுன்னா, முன்னாடி பலர் உட்கார்ந்து ஒரே விதிக்கு ஒத்துக்கிட்டதுதான் காரணம். நான் செய்ய வேண்டியது, பக்கத்தின் மேலே யூடிஎஃப்-8னு ஒரு வரி எழுதுறது மட்டும்தான்.

படிக்கிறவங்களுக்கும் ஒரு ஓட்டு

படிச்சதில் என்னை நிறுத்தி யோசிக்க வெச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. சிஎஸ்எஸ்ஸை முதலில் யோசிச்சவர் நார்வேயைச் சேர்ந்த ஹாகோன் வியம் லீ. 1994 அக்டோபரில், வெப் பிறந்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தப்போ அந்தத் திட்டத்தை வெளியிட்டார். பெர்ட் போஸ் அவரோட சேர்ந்தார். 1996 டிசம்பர் 17-ல் முதல் விதி டபிள்யூ3சி மூலமா வந்தது. சிஎஸ்எஸ்ல முதல் "சி" காஸ்கேடிங். காஸ்கேட்னா பாறைக்குப் பாறை படிப்படியா இறங்குற அருவி. பிரவுசரோட விருப்பம், படிக்கிறவரோட விருப்பம், எழுதினவரோட விருப்பம் எல்லாம் அருவி மாதிரி ஒன்று மேல ஒன்றா இறங்கி வந்து, கடைசியில் பக்கம் எப்படித் தெரியணும்னு முடிவாகுது. அதாவது, பக்கத்தை எழுதினவங்க மட்டும் ராஜா இல்லை. படிக்கிறவங்களுக்கும் அதில் பங்கு உண்டு. இதை முதல் திட்டத்திலேயே யோசிச்சிருக்காங்க!

இந்தச் சார்ட்டோட அளவு எனக்கு முன்கூட்டியே தெரியும். எங்கே ஒட்டுவாங்க, எவ்வளவு தூரத்தில் நின்னு படிப்பீங்கன்னு தெரியும். வெப் பக்கத்துக்கு அது தெரியாது. அக்காவோட சின்னப் போன், லேப்பில் இருக்கிற பெரிய மானிட்டர், எழுத்தை ரெண்டு மடங்கு பெருசாக்கி வெச்சிருக்கிற எங்க அம்மாயியோட போன், எதில் வேணாலும் திறக்கும். அதனால "இப்படித்தான் இருக்கணும்"னு அடம் பிடிக்கிற பக்கம் உடையும். "இருக்கிற இடத்தில் உட்கார்ந்துக்கிறேன்"னு சொல்ற பக்கம் நிக்கும். நான் கத்துக்கிட்டது மொத்தமும் இவ்வளவுதான்.

இப்போ பக்கம் எப்படி இருக்கு?

அட்டவணையையே எடுத்துட்டேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு சின்னப் பெட்டி, ஒன்றுக்குக் கீழ ஒன்றா. "சனி, ஞாயிறு ஊருக்குள் வராது" என்பது இப்போ நேரத்துக்கும் மேலே, முதல் வரியா இருக்கு. அது சிவப்பில் இருக்கு, ஆனா சிவப்பை மட்டும் நம்பல. நிறம் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி வார்த்தையிலும் இருக்கு. காபிப் பூ படத்தை எடுத்துட்டேன். சிக்னல் குறைவா இருக்கிற இடத்தில் அது பக்கத்தை இழுத்துக்கிட்டு நின்னுச்சு.

நீங்களும் ஒரு பக்கம் செஞ்சா, யாருக்கும் அனுப்புறதுக்கு முன்னாடி இந்த ஆறையும் பாருங்க:

1. லேப்டாப் பிரவுசரில் எஃப்12 அழுத்தினா, போன் அளவில் பக்கத்தைப் பார்க்க வசதி இருக்கு. 320 பிக்சல் அகலத்தில் எல்லா வார்த்தையும் தெரியுதான்னு பாருங்க.

2. எழுத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்க. அப்போதும் எதுவும் மறையக்கூடாது. 2008-ல் டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல் விதிகளிலேயே இது இருக்கு. எழுத்தின் அளவை பிக்சலில் போடாம ரெம் என்ற அளவில் போட்டா, போனில் பெரிய எழுத்து வெச்சிருக்கிறவங்களுக்கும் பெருசாவே தெரியும்.

3. தமிழுக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமா விடணும். "கீ"யில் கொம்பு மேலே போகுது, "கூ"வில் சுழி கீழே வருது. எனக்கு 1.7 சரியா வந்தது.

4. தமிழில் வார்த்தை நீளம். சின்னத் திரையில் ஒரே வார்த்தை வரியைத் தாண்டிடும். அதை மடக்க "ஓவர்ஃப்ளோ-ராப்"னு ஒரு விதி இருக்கு.

5. டபிள்யூ3சி இலவசமா வெச்சிருக்கிற வேலிடேட்டரில் உங்க பக்கத்தைக் கொடுங்க. எந்த வரியில் தப்புன்னு சொல்லும். ஆனா ஒண்ணு, என் பழைய சிஎஸ்எஸ்ஸை அதில் போட்டப்போ "தப்பே இல்லை"ன்னு பச்சை காட்டுச்சு! எழுத்துப்பிழையைத்தான் அது பார்க்கும். அக்கா பஸ்ஸை விடுவாளான்னு அதுக்குத் தெரியாது.

6. அதனால கடைசியா, உங்க வீட்டில் இருக்கிற மிகப் பழைய போனை வாங்கி, கம்ப்யூட்டரே தெரியாத ஒருத்தர் கையில் கொடுத்துப் பாருங்க. பக்கத்தில் நின்னு விளக்கம் சொல்லாதீங்க, சும்மா பாருங்க.

நான் அப்படி எங்க அம்மாகிட்டதான் கொடுத்தேன். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. போனைத் தள்ளிப் பிடிச்சு, மெதுவா, "சனி... ஞாயிறு... ஊருக்குள்... வராது"ன்னு படிச்சாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "இது அன்னிக்கே இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க.

"இருந்துச்சும்மா. நான்தான் மறைச்சுட்டேன்"னு சொன்னேன்.

நண்பர்களே, பஸ் நேரம் மறுபடியும் மாறும். மாறினா எங்கிட்ட சொல்லுங்க, அன்னிக்கே மாத்திடுறேன். உங்க ஊருக்கும் இதே மாதிரி பக்கம் வேணும்னா நான் எழுதின வரிகளை அப்படியே தர்றேன். ஆனா ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்துக்கணும்!

சார்ட்டில் இடம் முடிஞ்சது.

– 12-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி